வெள்ளம் வடிந்த பிறகு வரும் காய்ச்சல்

கேள்வி: பெஸ்தாரி ஜெயா பக்கம் தோட்டத்து லயத்தில் இருக்கிறோம். வெள்ளத்தில் ஒரு வாரம் பள்ளி மண்டபத்தில் தங்கிவிட்டு வீடு திரும்பினோம். சேற்றை அள்ளிப்போட்டவர் என் கணவர். நேற்றிலிருந்து அவருக்குக் காய்ச்சல், கெண்டைக்காலில் கடும் வலி. வேலை அலுப்பு என்கிறார். மாமியார் இன்சுலின் போடுகிறவர். மண்டபத்தில் ஐஸ்பெட்டி இல்லை. அந்த மருந்து இன்னும் ஆகுமா, டாக்டர்?

பதில்: கணவரை இன்றே கிளினிக்கிற்கு அழைத்துப் போங்கள், சகோதரி. அலுப்பில் உடம்பு வலிக்கும், காய்ச்சல் அடிக்காது.

வெள்ளத்திலும் சேற்றிலும் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். காலில் ஒரு சிராய்ப்பு போதும், கிருமி உள்ளே போய்விடும். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாள் கழித்தே தலைகாட்டும். அதற்குள் எல்லாரும் வெள்ளத்தை மறந்து சுவருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருப்பார்கள். கிளினிக்கிலும் டிங்கி என்று நினைக்க இடம் உண்டு. அதனால் உள்ளே போனதும், எந்த நாளில் வெள்ளத்தில் நின்று சேறு அள்ளினார் என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆரம்பத்திலேயே பிடித்தால் ஆண்டிபயாடிக் மாத்திரையிலேயே அடங்கிவிடும். விட்டால் சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் என்று இறங்கும். கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

காய்ச்சலுக்குப் பனடோல் கொடுக்கலாம். கால்வலிக்கென்று பொன்ஸ்டான் போன்ற வலி மாத்திரை வேண்டாம். டிங்கியாக இருந்தால் இரத்தக்கசிவைக் கூட்டும், எலிக்காய்ச்சலாக இருந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சரி, மாமியார். திறந்த இன்சுலின் பேனா 30 டிகிரிக்குள் சுமார் நான்கு வாரம் தாங்கும். மத்தியான மண்டபம் அதைத் தாண்டிவிடுவதுதான் சிக்கல். வெள்ளத்தில் நனைந்ததும் கட்டி தட்டியதும் ஆகாது. வெறும் சூடு பட்டது என்றால், புதியது கிடைக்கும்வரை ஊசியை நிறுத்தாமல் போட்டு, சர்க்கரையை அடிக்கடி பாருங்கள். கணவரோடு அவரையும் கூட்டிப் போய் மாற்றி வாங்கிவிடுங்கள். இனி மண்டபத்தில் தங்க நேர்ந்தால், அங்கே சோறு நேரத்துக்கு வராது. சாப்பாடு கண்முன் வந்த பிறகு ஊசி போடுங்கள்.

இது ஒருமுறை வந்து போகிற வெள்ளம் அல்ல. 2021 டிசம்பரில் சிலாங்கூரில் ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டியது. பூமி சூடாகிக்கொண்டு வருகிறது; ஒரு டிகிரி சூடு கூடினால் காற்று ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதலாக ஈரம் சுமக்கும், அதுதான் கனமழையாகக் கொட்டும். எனவே இரண்டு வார மருந்தை நீர்புகாத பையில் கட்டி வையுங்கள். மருந்துச் சீட்டைப் படமெடுத்து பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஐஸ்பெட்டி இல்லாத இடத்தில் இன்சுலினை ஜிப் பையில் போட்டு, தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் வைக்கலாம். ஐஸ்கட்டியில் நேரடியாகப் புதைக்காதீர்கள், உறைந்தால் வீண்.

மிச்சச் சேற்றை அள்ளுகிறவர் முழங்கால் பூட்ஸும் கையுறையும் போட்டுக்கொள்ளட்டும். மாமியார் அதில் கால் வைக்கவே வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதம் மரத்திருக்கலாம், ஆணி குத்தியதுகூடத் தெரியாது.