பாடம் செய்த வெள்ளை முயலை நிறுத்தப் பனித்தரை எப்படி அமைப்பது? சமையல் சோடா மஞ்சளாகிவிட்டதே!

சமையல் சோடாவை வெள்ளைப் பசையில் குழைத்துப் பூசியதாகவும், ஒரே வருஷத்தில் மஞ்சளடித்து உதிர்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கனடாவுக்கு வந்த பிறகு, இறந்த விலங்குகளின் தோலைப் பதப்படுத்தி உயிருள்ளவை போல நிறுத்தும், அதாவது பாடம் செய்யும், ஒருவரின் பட்டறையில் வாரக்கடைசிகளில் தரை அமைக்கக் கற்றுக்கொண்டேன். நான் முதலில் செய்த தரைக்கும் இதே கதிதான். சோடா ஓர் உப்பு. ஈரக்காற்று பட்டால் கட்டிதட்டும், பசையை விட்டு விலகும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து செய்யுங்கள்.

உண்மையான பனி வெள்ளைப் பொருளே அல்ல. ஒவ்வொரு துகளும் நிறமற்ற பளிங்கு. ஆயிரக்கணக்கான முகங்களில் ஒளி பட்டுச் சிதறுவதால்தான் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அதனால் வெள்ளைப் பெயிண்ட் எத்தனை கோட் அடித்தாலும் சுண்ணாம்புச் சுவர் போலத்தான் இருக்கும். கண்ணாடித் தூள் பனியைப் போலவே ஒளியைச் சிதறடிக்கும். மைக்ரோபலூன் என்று விற்கும் நுண்ணிய கண்ணாடிக் குமிழித் தூளோடு கொஞ்சம் மார்பிள் தூள் சேர்த்து, நீரில் கரையும் அக்ரிலிக் மீடியத்தில் (நிறமில்லாத பெயிண்ட் பசை) இட்லி மாவுப் பதத்துக்குக் குழைத்துக்கொள்ளுங்கள். தூள் முகமூடி இல்லாமல் அந்த டப்பாவைத் திறக்கவே திறக்காதீர்கள். ஒரு மூச்சில் நுரையீரலுக்குள் போய்விடும் அளவுக்கு லேசானது அது.

அடியில் தெர்மோகோலைச் செதுக்கி மேடுபள்ளம் அமையுங்கள். காற்று வரும் பக்கம் சரிவு மெல்ல ஏறும், மறுபக்கம் சட்டென்று இறங்கும். நிழல் விழும் குழிகளில் மட்டும், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு நீலம் தொடுங்கள். வெள்ளைத் தரையில் வெள்ளை முயல் தனியாகத் தெரிவது அந்த நிழலாலும், குளிர்காலத்திலும் கறுப்பாகவே இருக்கும் அதன் காதுநுனியாலும்தான்.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது. பொய்ப்பனி மாட்டிக்கொள்வது நிறத்தால் அல்ல, பாதத்தால். விலங்கு பனியின் மேல் வைக்கப்பட்டிருக்கக் கூடாது, பனிக்குள் நிற்க வேண்டும். பாதங்களைச் சமையலறை பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றி, பசை ஈரமாக இருக்கும்போதே அழுத்திப் பதியுங்கள். பிறகு முயலைத் தூக்கிவிட்டுத் தரையைத் தனியே காயவிடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் அதே குழிகளில் நிறுத்தி, காலிலிருந்து வரும் கம்பியை அடிப்பலகையில் முடுக்கிவிடலாம். பிளாஸ்டிக் சுற்றாவிட்டால் ரோமம் திரி போலப் பசையை உறிஞ்சி மேலேற்றிவிடும். அப்படி ஒரு நரியின் முன்னங்காலையே நான் கெடுத்திருக்கிறேன்.

எவ்வளவு ஆழம் பதிய வேண்டும்? வட அமெரிக்கப் பனிமுயலின் பின்னங்கால் மிக அகலம், அதனால் அதிகம் அமிழாது. அதே பனியில் நரி இன்னும் ஆழமாக இறங்கும். ஓடிவந்த தடமும் காட்டுவதாக இருந்தால் கவனியுங்கள்: முயல் தாவும்போது பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டி விழும், ஆகவே பெரிய தடங்கள்தான் முன்னால் இருக்கும். பலரும் இதைத் தலைகீழாகப் பதிக்கிறார்கள்.

ஏரியோரப் பனிக்கட்டி வேண்டுமென்றால் எபாக்சி ரெசின், அதாவது இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் கண்ணாடி போல இறுகும் பிசின். அடிப்பலகைக்குக் கரும்பச்சையும் பழுப்பும் பூசி, ரெசினை மெல்லிய அடுக்குகளாக ஊற்றுங்கள். ஒரேயடியாகத் தடிமனாக ஊற்றினால் சூடேறி விரிசல் விடும். ஓர் அடுக்கு இறுகியதும் வெள்ளைப் பெயிண்டால் தட்டையான பொட்டுகள் வைத்து அடுத்த அடுக்கை ஊற்றினால், கட்டிக்குள் சிக்கிய காற்றுக் குமிழிகள் கிடைக்கும். ஆல்பர்ட்டாவின் ஏப்ரகாம் ஏரியில் மீத்தேன் குமிழிகள் இப்படித்தான் அடுக்கடுக்காக உறைந்து நிற்கின்றன. அந்தப் படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். பாலியெஸ்டர் ரெசின் மட்டும் வேண்டாம், தெர்மோகோலைக் கரைத்துவிடும். எபாக்சியும் வெயில் பட்டால் மஞ்சளாகும், ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

வாய்ப்புக் கிடைத்தால் நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், கண்ணாடிக்குப் பின்னால் பாடம் செய்த ஓநாய்களை நிறுத்தியிருக்கும் காட்சியைப் போய்ப் பாருங்கள். மின்னசோட்டாவின் கன்ஃபிளின்ட் ஏரிக்கரை, இரவு, பனியில் ஓடிவரும் ஓநாய்கள். பின்னணி ஓவியம் ஜேம்ஸ் பெர்ரி வில்சன் தீட்டியது. பனி இரவொளியில் எவ்வளவு நீலமாக மாறுகிறது என்பதை நான் அங்கேதான் கண்டுகொண்டேன். அந்தக் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றிருந்தேன்.

பழைய கடைகளில் வாங்கிய, பல பத்தாண்டு பழைய பொம்மைப் பனித்தரை எதையும் உடைக்காதீர்கள். 1930களிலும் 40களிலும் ஆஸ்பெஸ்டாஸையே அலங்காரப் பனி என்று விற்றிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பாடம் செய்த விலங்குகளின் தோலில் ஆர்சனிக் என்ற நஞ்சும் இருக்கலாம்.

முயலை நிறுத்தி முடித்ததும், டீ வடிகட்டியால் உலர்ந்த தூளை மேலே சலித்துவிடுங்கள். பாத விளிம்பில் கொஞ்சம், வயிற்றடி ரோமத்தில் நாலைந்து துகள், மீசை மயிரில் ஒன்றிரண்டு. அதற்கு மேல் வேண்டாம்.