கொப்புளம் போட்ட படகுக்கு முதலில் பெயின்ட் வாங்காதீர்கள்

கேள்வி: பாவித்த 18 அடி பைபர் படகு ஒன்றைக் கடந்த வருடம் வாங்கினேன். கல்லடிப் பக்கம் வாவியில் கட்டியபடியே கிடக்கும். போன கிழமை கரையேற்றிப் பாசி சுரண்டினால் அடிப்பக்கமெல்லாம் கொப்புளம். காசளவிலிருந்து உள்ளங்கை அளவு வரை முப்பது, நாற்பது இருக்கும். ஒன்றைக் குத்திப் பார்த்தேன். பிசுபிசுத்த தண்ணீர் வந்தது, வினாகிரி மணம். திருத்துபவர் ஒருவர், "சுரண்டி, கார் பட்டி பூசி, பாசி பிடிக்காத பெயின்ட் இரண்டு தரம் அடித்தால் மூன்று நாளில் இறக்கலாம்" என்கிறார். நம்பலாமா? என்னென்ன வாங்க வேண்டும்?
(வாசகர், நாவலடி)

பதில்: மூன்று நாள் கணக்கை நம்பாதீர்கள். அவர் சொல்கிறபடி செய்தால் அடுத்த வருடம் அதே இடத்தில் கொப்புளம் திரும்ப வரும், பட்டிக்கும் பெயின்டுக்கும் கொடுத்த காசும் போய்விடும்.

அந்த வினாகிரி மணம்தான் விஷயத்தைச் சொல்கிறது. வெறும் பெயின்ட் மட்டும் கிளம்பியிருந்தால், உரித்ததும் கீழே ஜெல்கோட் (பைபரின் பளபளப்பான வெளிப்பூச்சு) பழுதில்லாமல் தெரியும், மணமும் இராது. உங்களுடையது ஜெல்கோட்டுக்கு அடியில் வந்த கொப்புளம். ஜெல்கோட் பார்வைக்குக் கண்ணாடி மாதிரி இருந்தாலும், மாதக்கணக்கில் தண்ணீரில் கிடந்தால் மெதுமெதுவாக நீர் உள்ளே போகும். உள்ளே இழைகளைப் பிடித்து இறுக்கியிருக்கும் பொலியெஸ்டர் ரெசினில் கரையக்கூடிய மிச்சங்கள் இருந்தால் அவை அந்த நீரில் கரைந்து செறிவான கரைசலாகும். அது வெளியிலிருந்து இன்னும் தண்ணீரை இழுத்து வீங்கும். ஊறப்போட்ட கடலை பருப்பதும் இதே வேலைதான்.

பயப்படவும் வேண்டாம். இப்படிக் கொப்புளம் போட்ட படகு நாளைக்கே தாழ்ந்துவிடாது. உள்ளங்கை அளவுக் கொப்புளங்களைத் திறந்து, அடியில் உள்ள பைபர் அடுக்கு தட்டினால் கடினமாக இருக்கிறதா, பிரிந்து நார்நாராக வருகிறதா என்று பாருங்கள். கடினமாக இருந்தால், தொழிலைக் கெடுத்துக்கொண்டு இப்போதே திருத்த வேண்டியதில்லை, நல்ல காலம் பார்த்துச் செய்யலாம். நார்நாராக வந்தால் தள்ளிப்போடாதீர்கள். குத்தும்போது கண்ணாடி போடுங்கள். உள்ளே அழுத்தம் இருக்கும், அந்தத் தண்ணீர் கண்ணில் தெறித்தால் எரியும்.

காலம் என்றேன். மட்டக்களப்பில் இதுதான் பெரிய சிக்கல். மாரியில் கடல் கொந்தளிப்பாக இருப்பதால் பலரும் அப்போதுதான் படகைக் கரையில் ஏற்றித் திருத்த நினைப்பார்கள். ஆனால் கார்த்திகை, மார்கழி ஈரத்தில் பைபர் எப்படிக் காயும்? கூரைக்குக் கீழே வைத்தாலும் காற்றே ஈரமாக இருக்கிறது. என்னைக் கேட்டால், மாரியில் படகைக் கவிழ்த்துப் பழைய பெயின்டைச் சுரண்டிக் கொப்புளங்களைத் திறந்து மட்டும் விடுங்கள். மழை ஓய்ந்த பிறகு, மாசி பங்குனி வெயிலில் காய விட்டுப் பூச்சு வேலையைத் தொடங்குங்கள். அதுவும் தவறினால் கச்சான் காற்று அடிக்கும் மாதங்கள் இருக்கின்றன. அந்த வரண்ட காற்றைப்போல இந்த வேலைக்கு உதவுவது வேறில்லை.

திறந்த குழிகளை நல்ல தண்ணீரால் பல தரம் கழுவ வேண்டும். வாவித் தண்ணீர் கூடாது, உப்பு உள்ளே நின்றுவிடும். கழுவக் கழுவத்தான் அந்தப் புளிப்புத் தண்ணீர் போகும். படகின் உள்பக்கத்தையும் மறக்காதீர்கள். அடித்தட்டில் தேங்கிய நீரும், மிதப்புக்கு வைத்த ஃபோமில் ஊறிய நீரும் உள்ளிருந்து ஈரம் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

காய்ந்ததை எப்படி அறிவது? ஓர் அடிச் சதுரமான தெளிவான பொலித்தீன் தாளை அடிப்பக்கத்தில் வைத்து நான்கு ஓரமும் டேப்பால் இறுக்கி ஒட்டுங்கள். ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உள்பக்கம் பனித்திருந்தால் இன்னும் காயவில்லை. இரண்டு மூன்று இடத்தில் செய்து பாருங்கள். சில வாரங்கள் பிடிக்கலாம், படகின் கனத்தைப் பொறுத்து அதற்கு மேலும் ஆகலாம். நாளை எண்ணாமல் தாளைப் பார்த்து முடிவெடுங்கள்.

இனிக் கடைக்குப் போகலாம். கார் பட்டி வேண்டவே வேண்டாம். அது டால்க் மாவு கலந்த பொலியெஸ்டர், தண்ணீரை உறிஞ்சும். நீர்மட்டத்துக்குக் கீழே எப்பொக்சி ரெசின், அதே கம்பனியின் ஹார்ட்னர் (ரெசினை இறுக வைப்பது), கெட்டியாக்கும் சிலிக்கா மா, பெரிய குழிகளுக்கு நெய்த கண்ணாடி இழைத் துணி ஆகியவற்றைக் கேளுங்கள். துண்டு இழைகளைப் பசையால் ஒட்டிய வழக்கமான வெட்டிழை மெட்டைத் தந்தால் வாங்காதீர்கள். அதிலுள்ள பசை பொலியெஸ்டர் ரெசினில் கரைவதற்காகச் செய்தது, எப்பொக்சியில் அது கரையாது. பழைய பொலியெஸ்டர் மேல் எப்பொக்சி நன்றாகப் பிடிக்கும். எப்பொக்சி மேல் பொலியெஸ்டரையோ சாதாரண ஜெல்கோட்டையோ பூசினால் சரியாகப் பிடிக்காது. ஆகவே தொடங்கினால் எப்பொக்சியிலேயே முடியுங்கள்.

ஒரு பழக்கத்தை விட வேண்டும். சாதாரண ரெசினுக்கு வெயிலைப் பார்த்து ஹார்ட்னரைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பழகியிருப்பீர்கள். எப்பொக்சியில் அது கூடாது. டின்னில் எழுதியிருக்கும் அளவுதான் அளவு. கூட்டினாலும் குறைத்தாலும் மென்மையாகவே நின்றுவிடும். நம் வெக்கைக்கு மெதுவாக இறுகும் ஹார்ட்னரைக் கேட்டு வாங்கி, சின்னச் சின்னக் கலவையாக அகன்ற தட்டில் கலக்குங்கள். வாளியில் மொத்தமாகக் கலந்தால் கொதித்துப் புகைந்துவிடும். இறுகிய பிறகு மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் வரலாம். அதைத் தண்ணீரால் கழுவித் துடைத்துவிட்டு, வோட்டர் பேப்பரால் தேய்த்த பிறகே அடுத்த பூச்சு.

குழிகள் அடைந்த பின் அடிப்பக்கம் முழுவதற்கும் எப்பொக்சித் தடுப்புப் பூச்சு பல தரம் அடித்து, எல்லாம் சேர்ந்து கால் மில்லிமீற்றர் கனமாவது வரச் செய்வது நல்லது. செலவு அதிகம்தான். இந்த முறை காசு போதாவிட்டால் குழிகளை மட்டும் முறையாக அடைத்துத் தடுப்புப் பூச்சை அடுத்த தரத்துக்கு விடலாம். காய விடுவதில் மட்டும் கைவைக்காதீர்கள்.

பாசி பிடிக்காத பெயின்ட் கடைசியில்தான். அது கொப்புளத்தைத் தடுக்காது. அதிலுள்ள செம்பு மெல்லக் கசிந்து சிப்பியையும் பாசியையும் அண்ட விடாது, அவ்வளவுதான். தேய்ந்துகொண்டே போகும் வகை, கடினமாக நிற்கும் வகை என இரண்டு உண்டு. அடிக்கடி பிரஷ் போட்டுத் தேய்ப்பவரானால் கடின வகையை எடுங்கள். உங்கள் படகில் தண்ணீரில் நிற்கும் பரப்பு எட்டு, ஒன்பது சதுர மீற்றர் வரும். ஒரு லீற்றர் ஒரு பூச்சுக்குச் சுமார் பத்துச் சதுர மீற்றர் போகும். இரண்டு பூச்சுக்கும், மூக்கிலும் நீர்மட்டக் கோட்டிலும் ஒரு தரம் கூட அடிக்கவும் இரண்டரை லீற்றர் போதும். செம்பு டின்னின் அடியில் தங்கும், நன்றாகக் கலக்குங்கள். எஞ்சினின் அலுமினியக் காலில் இதைப் பூசாதீர்கள், அரித்துவிடும்.

பழைய பூச்சை உலர்வாகத் தேய்க்காமல் ஈரமாகத் தேயுங்கள், முகமூடி போடுங்கள். வழிக்கும் சேற்றைத் தார்ப்பாயில் பிடித்து அகற்றுங்கள். வாவிக்குள் விட்டால் நம் இறாலும் நண்டும்தான் தின்னும். கப்பல் பெயின்ட் என்று யாராவது பழைய டின்னை மலிவாகத் தந்தாலும் வேண்டாம். ஒரு காலத்தில் அவற்றில் இருந்த ட்ரைபியூட்டில் டின் என்ற நஞ்சு சிப்பிகளையும் நத்தைகளையும் அழித்தது. அதைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கை 2001இல் உருவாகி 2008இல் நடைமுறைக்கு வந்தது.

கேள்வி: எங்கள் படகைத் தினமும் மணலில் இழுத்து ஏற்றுகிறோம். எங்களுக்கும் பாசி பிடிக்காத பெயின்ட் வேண்டுமா?
(வாசகர், பொத்துவில்)

பதில்: வேண்டாம். தினமும் காய்கிற அடியில் சிப்பி பிடிக்க நேரமில்லை, பூசினாலும் மணல் சுரண்டிவிடும். அந்தக் காசில் ஏராப் பக்கம் (அடியின் நடுமுதுகு) தேய்ந்த இடத்துக்கு இழைத்துணி வைத்துக் கட்டுங்கள்.

கேள்வி: வாங்கிய ரெசின் இறுகவே இல்லை. டின்னைப் பார்த்தால் காலாவதித் திகதி முடிந்திருக்கிறது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார்.
(வாசகர், கல்முனை)

பதில்: டின்னையும் மிச்ச ரெசினையும் வீசாதீர்கள். திகதி தெரியப் படம் எடுத்து வையுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, நீங்கள் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தர வேண்டும். முறைப்பாட்டைப் பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். முதலில் கடைக்காரரிடம் பற்றுச்சீட்டைக் காட்டி இன்னொரு தரம் அமைதியாகக் கேளுங்கள். மறுத்தால் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து எங்கே கொடுப்பதென்று விசாரித்து, சீட்டின் பிரதியோடு முறைப்பாட்டைக் கொடுங்கள். அடுத்த தரம் காசு கொடுக்கு முன் டின்னைத் திருப்பித் திகதியைப் பாருங்கள். வெயில் படும் இடத்தில் அடுக்கிய டின் என்றால் திகதி இருந்தாலும் எடுக்காதீர்கள், சூட்டில் ரெசின் டின்னுக்குள்ளேயே கெட்டியாகத் தொடங்கிவிடும்.