1950ஆம் ஆண்டின் சிறந்த நடிகை ஆஸ்கர் யாருக்குப் போயிருக்க வேண்டும்?

கேள்வி: பழைய ஹாலிவுட் காலத்து ஆஸ்கர் பட்டியலில், விருது தவறான ஆளுக்குப் போய்விட்டது என்று நீங்கள் நினைக்கும் ஆண்டு எது?

இதற்குப் பெரும்பாலானோர் 1954ஐத்தான் சொல்வார்கள். போட்டியில் இருந்த ஜூடி கார்லண்ட் அப்போதுதான் பிள்ளை பெற்று மருத்துவமனையில் இருக்கிறார். அவர் ஜெயித்தால் நேரலையில் காட்ட வேண்டுமே என்று டிவிக்காரர்கள் அங்கேயே கேமராவை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள், கிரேஸ் கெல்லியின் பெயரைப் படித்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். சோகமான கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அது இரண்டு பேருக்கு நடுவே நடந்த போட்டி. எனக்கு 1950தான் சுவாரசியம். அந்த வருடம் ஐந்து பேர், அதில் நான்கு பேர் மேலே ஏதோ ஒரு நடுவர் குழு கை வைத்து "இவர்தான் சிறந்தவர்" என்று சொல்லியிருக்கிறது.

பட்டியலைச் சொல்லிவிடுகிறேன். 'ஆல் அபவுட் ஈவ்' படத்துக்கு பெட்டி டேவிஸ், அதே படத்துக்கு ஆன் பாக்ஸ்டர், 'சன்செட் பூலெவார்ட்' படத்துக்கு குளோரியா ஸ்வான்சன், 'கேஜ்டு' படத்துக்கு எலினார் பார்க்கர், 'பார்ன் யெஸ்டர்டே' படத்துக்கு ஜூடி ஹாலிடே. 1951 மார்ச் 29 அன்று நடந்த விழாவில் ஜெயித்தது ஜூடி ஹாலிடே. நியூயார்க் விமர்சகர்கள் அந்த வருடம் டேவிஸைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள், விழா முடிந்தபின் கான் விழாவும் அவருக்கே கொடுத்தது. நேஷனல் போர்டு ஆஃப் ரெவ்யூ ஸ்வான்சனுக்கு. வெனிஸ் விழா எலினார் பார்க்கருக்கு. கோல்டன் குளோபில் இரண்டு பிரிவு இருப்பதால் அவர்கள் புத்திசாலித்தனமாக நாடகப் பிரிவில் ஸ்வான்சனுக்கும் நகைச்சுவைப் பிரிவில் ஹாலிடேக்கும் கொடுத்துப் பிரச்சினையை முடித்துக்கொண்டார்கள். இதில் வெறுங்கையோடு நின்றவர் ஆன் பாக்ஸ்டர் மட்டும்தான், ஆனால் இந்த விருதுக் கதையில் எல்லோரும் வில்லியாக்குவது அவரைத்தான்.

அது ஏன் என்றால், 'ஆல் அபவுட் ஈவ்' அந்த வருடம் 14 பரிந்துரைகள் வாங்கியது. 1997இல் வந்த 'டைட்டானிக்' வரைக்கும் வேறு எந்தப் படமும் அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை. அதிலும் நடிகைகளுக்கு மட்டும் நான்கு: முதன்மைப் பிரிவில் இரண்டு, துணைப் பிரிவில் செலஸ்ட் ஹோமும் தெல்மா ரிட்டரும். நான்கு பேரும் தோற்றார்கள்! துணை நடிகை விருது 'ஹார்வி' படத்துக்காக ஜோசஃபின் ஹல்லுக்குப் போனது. பாக்ஸ்டர் ஏற்கெனவே 1946ஆம் ஆண்டுப் படத்துக்காகத் துணை நடிகை விருது வாங்கியவர், அதனால் இந்த முறை என்னை முதன்மைப் பிரிவில்தான் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அதனால் ஓட்டு பிரிந்தது, டேவிஸ் தோற்றார், ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பதுபோல் ஹாலிடே உள்ளே புகுந்து தட்டிக்கொண்டு போனார், இதுதான் எழுபது வருடமாகச் சொல்லப்படும் விளக்கம்.

எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. அகாடமி ஓட்டு எண்ணிக்கையை வெளியிடுவதே கிடையாது, யார் எத்தனை ஓட்டில் தோற்றார்கள் என்பதற்கு ஆதாரமே இல்லை. சரி, மற்ற வருடங்களைப் பார்த்தால்? 1935இல் 'மியூட்டினி ஆன் தி பவுண்டி' படத்தின் மூன்று பேர் (கிளார்க் கேபிள், சார்லஸ் லாட்டன், ஃபிரான்சாட் டோன்) ஒரே நேரத்தில் சிறந்த நடிகருக்கு நின்று மூன்று பேருமே 'தி இன்ஃபார்மர்' படத்தின் விக்டர் மெக்லாக்லனிடம் தோற்றார்கள், அடுத்த வருடமே துணை நடிகர், துணை நடிகை பிரிவுகள் வந்தன. 1953இல் பர்ட் லங்காஸ்டரும் மான்ட்கோமெரி கிளிஃப்டும் ஒரே படத்துக்கு நின்று தோற்றார்கள். ஆனால் 1983இல் ஷர்லி மெக்லெய்னும் டெப்ரா விங்கரும் ஒரே படத்துக்கு நின்றபோது மெக்லெய்ன் ஜெயித்தார், 1984இல் 'அமடேயஸ்' படத்திலும் அப்படித்தான். ஆக, பிரியவும் செய்யும், பிரியாமலும் போகும். இன்னொன்று: பாக்ஸ்டர் ஒதுங்கியிருந்தால் அவருடைய ஓட்டெல்லாம் அப்படியே டேவிஸுக்கு வந்திருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஸ்வான்சனுக்கும் போயிருக்கலாமே. உண்மையில் ஒரே மாதிரியான பாத்திரத்துக்கு ஓட்டைப் பங்கு போட்டவர்கள் டேவிஸும் ஸ்வான்சனும்தான். இரண்டு பேரும் வயதாகிவரும், மேடையை விட்டுக்கொடுக்க மனமில்லாத நட்சத்திரமாகத்தான் நடித்தார்கள்.

டேவிஸ் ரசிகர்கள் அடிக்க வரலாம், ஆனாலும் சொல்கிறேன். அந்த வருடம் விருது ஸ்வான்சனுக்குப் போயிருக்க வேண்டும்.

டேவிஸ் அபாரமாகத்தான் செய்திருக்கிறார். வார்னர் ஸ்டுடியோவை 1949இல் விட்டு வெளியே வந்து, அவ்வளவுதான் என்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில், முதலில் நடிக்கவிருந்த நடிகை கிளாடெட் கோல்பர்ட்டுக்கு முதுகில் அடிபட்டதால் கைக்கு வந்த வேடம் அது. (1934இல் டேவிஸைப் பரிந்துரைக்கவே இல்லை என்று பெரிய சத்தம் எழுந்து, பட்டியலில் இல்லாத பெயரையும் எழுதி ஓட்டுப் போடலாம் என்று அகாடமி இறங்கிவந்த வருடம் ஜெயித்தவரும் இதே கோல்பர்ட்தான். கணக்கு நேராகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.) பனியில் பெட்ரோல் இல்லாமல் நின்றுபோன காருக்குள் உட்கார்ந்துகொண்டு மார்கோ (படத்தில் டேவிஸின் பாத்திரம்) தன் வாழ்க்கையைப் பற்றிப் பேசும் இடம் ஒன்று போதும். ஆனால் அவருக்குப் படத்தின் இயக்குநர் ஜோசப் மேன்கிவிச் எழுதிய வசனம் இருந்தது, அந்த வசனத்தைச் சுமாரான நடிகை பேசினாலும் பாதிக் கிணறு தாண்டிவிடலாம். தவிர, டேவிஸிடம் அதற்கு முன்பே இரண்டு ஆஸ்கர் இருந்தது.

ஸ்வான்சன் செய்தது வேறு வகை ஆபத்து. அவர் நடித்த நார்மா, மௌனப் படக் காலத்தில் கொடிகட்டிப் பறந்து இப்போது மறக்கப்பட்டுவிட்ட நட்சத்திரம். மௌனப் படக் காலத்து மிகை நடிப்பையே வேண்டுமென்றே செய்ய வேண்டும், அது நார்மாவின் மிகை என்று நமக்குத் தெரிய வேண்டும், ஸ்வான்சனின் மிகை என்று தோன்றிவிடக் கூடாது. கொஞ்சம் பிசகினால் தியேட்டரே சிரித்துவிடும். பாரமவுண்ட் ஸ்டுடியோவுக்கு நார்மா திரும்பி வரும் காட்சியைக் கவனியுங்கள். இயக்குநர் டிமில் ஒரு நிமிடம் உட்கார் என்று நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போவார். தலைக்கு மேலே மைக் ஒன்று நகர்ந்து வந்து தொப்பியில் இருக்கும் இறகை உரசும், அவர் அதை ஒரு கையால் தள்ளிவிட்டு ஒரு பார்வை பார்ப்பார். வசனமே கிடையாது. பேசும் படம் வந்ததால் பிழைப்பு போனவள் மைக்கைப் பார்க்கிறாள், அவ்வளவுதான் காட்சி. அப்புறம் மேலேயிருந்து ஒரு பழைய லைட்மேன் அடையாளம் கண்டு விளக்கை அவர் மேல் திருப்ப, கூட்டம் சேர, அந்த முகம் மெல்ல மாறுவதைப் பாருங்கள், அந்த ஒரு நிமிடத்துக்கே கொடுத்திருக்கலாம் என்பேன்.

இத்தனைக்கும் பாரமவுண்டுக்கு ஒரு காலத்தில் சம்பாதித்துக் கொடுத்தவரையே, கேமரா முன்னால் நடித்துக் காட்டச் சொல்லி டெஸ்ட் எடுக்கக் கூப்பிட்டார்கள். கோபம் வந்து மறுக்கப் பார்த்தவரிடம், பத்து டெஸ்ட் கேட்டாலும் பத்தும் கொடு என்று புத்தி சொன்னவர் இயக்குநர் ஜார்ஜ் கியூகர். கூத்தைக் கேளுங்கள், ஹாலிடேயை வைத்து 'பார்ன் யெஸ்டர்டே' எடுத்ததும் அதே கியூகர்தான். படப்பிடிப்பின்போது ஸ்வான்சனுக்கு வயது 50, நார்மாவுக்கும் 50. படத்துக்குள் நார்மா போட்டுப் பார்க்கும் பழைய படம் ஸ்வான்சனே நடித்த 'குயீன் கெல்லி', அதை இயக்கிய எரிக் வான் ஸ்ட்ரோஹைம்தான் இதில் அவருக்கு வேலைக்காரன். தொழிலின் அசிங்கத்தை இப்படிப் போட்டு உடைத்துவிட்டாரே என்று எம்ஜிஎம் முதலாளி லூயி பி. மேயர் இயக்குநர் பில்லி வைல்டர்மேல் எரிந்து விழுந்தது ஊரறிந்த கதை. முதல் ஆஸ்கர் வருடத்திலேயே பரிந்துரை வாங்கிய ஸ்வான்சனுக்கு இது மூன்றாவது, கடைசியும்கூட. கிடைக்கவே இல்லை.

அப்படியானால் ஹாலிடே திருடிவிட்டாரா? நிச்சயமாக இல்லை. அவருக்கு எதிராக நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். 'பார்ன் யெஸ்டர்டே' முதலில் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் பெயர் வாங்கிய நாடகம். அதன் உரிமையைப் பத்து லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய கொலம்பியா ஸ்டுடியோ முதலாளி ஹாரி கோனுக்கு, மேடையில் அந்த வேடத்தைச் செய்த ஹாலிடே மட்டும் வேண்டாம். அவரை மசியவைக்க கேத்தரின் ஹெப்பர்னும் கியூகரும் நாடகாசிரியர் கார்சன் கேனினும் சேர்ந்து, 1949இல் வந்த 'ஆடம்ஸ் ரிப்' படத்தில் ஹாலிடேக்கு நன்றாகத் தெரியும்படியான இடம் கொடுத்தார்கள். 'பார்ன் யெஸ்டர்டே'யில் பிராடரிக் கிராஃபர்டோடு அவர் சீட்டாடும் காட்சியைப் பாருங்கள், கிட்டத்தட்டப் பேச்சே இல்லை, சீட்டை அடுக்குவதும் முணுமுணுவென்று பாடுவதும் எதிராளியை அலட்சியமாகத் தோற்கடிப்பதும்தான். இந்தப் பெண் முட்டாள் இல்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். நகைச்சுவைக்கு ஆஸ்கர் கொடுப்பது அபூர்வம், அதற்காகவே எனக்கு இந்த முடிவு மேல் கோபம் வருவதில்லை.

அவர் ஜெயித்த நேரமும் சாதாரண நேரம் அல்ல. கம்யூனிஸ்ட் சார்புள்ளவர்கள் என்று 1950இல் வெளியான 'ரெட் சானல்ஸ்' பட்டியலில் அவர் பெயர் இருந்தது. 1952இல் செனட் குழு முன்னால் நிறுத்தப்பட்டபோது, படத்தில் செய்த அந்த ஒன்றும் தெரியாத பெண்ணாகவே நடித்து யார் பெயரையும் சொல்லாமல் வெளியே வந்தார். 1965இல் 43 வயதில் புற்றுநோயால் இறந்துபோனார்.

விருது இரவில் ஹாலிடே, ஸ்வான்சன் இருவரும் ஹாலிவுட்டிலேயே இல்லை. நியூயார்க்கில் ஓர் உணவகத்தில் ஹோசே ஃபெரர் கொடுத்த விருந்தில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிறந்த நடிகர் ஃபெரர், சிறந்த நடிகை ஹாலிடே என்று அடுத்தடுத்து வந்தது. சுற்றியிருந்தவர்கள் நார்மா மாதிரி ஏதாவது ரகளை செய்வேன் என்று என்னிடம் எதிர்பார்த்தார்கள் என்று ஸ்வான்சன் பிற்பாடு சுயசரிதையில் எழுதினார். நடிப்பு நன்றாக இருந்ததற்கு இதைவிட வேறு சான்றிதழ் வேண்டுமா?

எலினார் பார்க்கரைப் பற்றி யாருமே பேசுவதில்லை. 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தில் வரும் அந்தப் பணக்காரச் சீமாட்டி என்றால் உங்களுக்கு முகம் ஞாபகம் வரும். 'கேஜ்டு' ஒரு பெண்கள் சிறைக் கதை. பயந்த சுபாவமுள்ள பெண்ணாக உள்ளே போய், கல்லாக வெளியே வருவார். மூன்று முறை பரிந்துரை, ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

என் வரிசை கேட்டால் ஸ்வான்சன், ஹாலிடே, டேவிஸ், பார்க்கர், பாக்ஸ்டர். நீங்களே பார்த்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள். 'சன்செட் பூலெவார்ட்', 'பார்ன் யெஸ்டர்டே' இரண்டையும் ஒரே வாரத்தில் பாருங்கள், இரண்டிலும் வில்லியம் ஹோல்டன்தான் நாயகன் என்பதால் ஒப்பிட வசதியாக இருக்கும். 'ஆல் அபவுட் ஈவ்' பார்க்கும்போது சின்ன வேடத்தில் வரும் மர்லின் மன்றோவைத் தவறவிடாதீர்கள். 'கேஜ்டு' மட்டும் ராத்திரி தூங்கப் போவதற்கு முன்னால் வேண்டாம்.