பறக்கும் தட்டுகளை ஆராய்ந்த ஆலன் ஹைனெக் ஏன் மனம் மாறினார்?

முதலில் சொல்லை எடுத்துக்கொள்வோம். 'அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்' என்றால் வேற்றுக்கிரக விமானம் இல்லை. என்னவென்று இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரியாத எண்ணிலிருந்து மிஸ்டு கால் வந்தால் பேய் கூப்பிட்டது என்றா நினைப்போம்?

1948-ல் அமெரிக்க விமானப்படை ஹைனெக்கை ஆலோசகராக வைத்துக்கொண்டது. அப்போது அவர் ஒஹாயோவில் வானியல் பேராசிரியர். வானில் விசித்திரமாக எதையோ பார்த்ததாக மக்களிடமிருந்து வந்த தகவல்களில் எது வெள்ளி கிரகம், எது எரிகல் என்று பிரித்துச் சொல்வதுதான் வேலை. ஆரம்பத்தில் அவருக்கு இதெல்லாம் சுத்த அபத்தம்.

1966-ல் மிச்சிகனில் பலர் விசித்திர ஒளிகளைப் பார்த்தார்கள். சதுப்பு நிலத்தில் செடிகொடிகள் அழுகி வரும் வாயு ஒளிர்ந்திருக்கலாம் என்றார் ஹைனெக். நாடே சிரித்தது. பாவம், அவர் சொன்னது சில காட்சிகளுக்கு மட்டும்தான்.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 1969-ல் விமானப்படை இந்தத் தகவல்களை ஆராயும் தன் திட்டத்தை மூடியபோது 12,618 தகவல்களில் 701-க்கு விடை இல்லை. விமானிகள் போன்ற நிதானமான சாட்சிகளை ஒதுக்குவது அறிவியல் ஆகாது என்று அவருக்குப் பட்டது. 1973-ல் தனியாக ஆய்வு மையம் தொடங்கினார்.

வேற்றுக்கிரகவாசிகள் வந்ததை அவர் நிரூபித்தார் என்று பலர் நம்புகிறார்கள். அவர் கேட்டது ஒழுங்கான விசாரணையை மட்டுமே.