காயலான் கடையில் வாங்கிய விதைப்பானில் மல்லாட்டை (நிலக்கடலை) விதைக்கலாமா?

கேள்வி: குடியாத்தம் பக்கம் எனக்கு 2 ஏக்கர் செம்மண் நிலமும் 18 குதிரைத்திறன் மினி டிராக்டரும் இருக்கின்றன. பழைய தோட்டக் கருவிகளைத் தேடி வாங்கி வைப்பதில் எனக்கு ஆசை அதிகம். வேலூர் காயலான் கடையில் இரண்டு வரிசை விதைப்பான் ஒன்று கிடைத்தது. வார்ப்பிரும்பு, பெயர் எதுவும் இல்லை. தரைச்சக்கரம் 16 அங்குல விட்டம். விதைத்தகட்டில் விதை உட்காரும் 16 கண். சக்கர அச்சில் 8 பல், தகட்டைச் சுழற்றும் அச்சில் 16 பல். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் தகடு அரைச் சுற்று சுற்றுகிறது. மல்லாட்டைப் பருப்பைப் போட்டு ஓட்டினேன். நிறைய உடைகிறது, செடியும் விட்டு விட்டு முளைக்கிறது. இதைச் சரிசெய்து பெயிண்ட் அடிக்கலாமா? கூடவே 'பிளானட் ஜூனியர்' என்று எழுதிய கைத்தள்ளு விதைப்பான் ஒன்றும் வாங்கினேன். அதில் மல்லாட்டை விதைக்க முடியுமா?

பதில்: வணக்கம் ஐயா. பல்லையும் கண்ணையும் எண்ணி எழுதினீர்களே, பாதி வேலை அதிலேயே முடிந்தது. உங்கள் விதைப்பான் கெட்டுப்போகவில்லை. அதில் இருப்பது வேறு ஏதோ பயிருக்கான அமைப்பு, அவ்வளவுதான்.

முதலில் இடைவெளி. 16 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 128 செ.மீ. ஓடும். அதற்குள் தகடு அரைச் சுற்று சுற்றி 8 பருப்புதான் போடும். அப்படியென்றால் 16 செ.மீ.க்கு ஒரு பருப்பு. கொத்து ரகத்துக்கு (படராமல் நிமிர்ந்து வளரும் ரகம்) நமக்கு வேண்டியது வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. சதுர மீட்டருக்கு 33 செடி நிற்க வேண்டிய இடத்தில் உங்களுக்கு 21கூட நிற்காது. ஒரு கண் காலியாகப் போனாலும் ஓர் அடிக்கு மேல் சொட்டை விழும்.

தகட்டில் 26 கண் போட்டால் சரியாகிவிடும் என்று லேத் பட்டறையில் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். சின்னத் தகட்டில் அத்தனை கண் போட்டால் கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே பலமே இருக்காது. தகட்டு அச்சில் இருக்கும் 16 பல் ஸ்பிராக்கெட்டை (செயின் ஓடும் பற்சக்கரம்) கழற்றிவிட்டு 10 பல் போடுங்கள். சக்கரம் ஒரு சுற்றுக்குத் தகடு முக்காலுக்குச் சற்று மேல் சுற்றும். 12 அல்லது 13 பருப்பு விழும். இடைவெளி 10 செ.மீ. வந்துவிடும். செயினில் 3 கண்ணி குறைக்க வேண்டியிருக்கும். கழற்றிய ஸ்பிராக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அடுத்தது உடைப்பு. விதைப்பெட்டியின் அடியில் தகடு சுற்றும்போது, கண்ணுக்கு மேலே துருத்தும் பருப்பை ஒரு சின்ன நாக்கு வழித்துத் தள்ளும். அதற்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங். பழைய கருவிகளில் இந்த ஸ்பிரிங் துருவேறி இறுகியிருக்கும். தகடு பருப்பைவிட மெல்லியதாக இருந்தால் பருப்பின் முதுகு மேலே நிற்கும். இறுகிய நாக்கு அதை வழிக்காது, வெட்டிவிடும். அதனால் நாக்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, விரலால் தள்ளினால் எளிதாகப் பின்வாங்கும்படி செய்யுங்கள். பிறகு உங்கள் விதைப்பருப்பைப் படுக்க வைத்து அதன் கனத்தை அளந்து, அதே கனத்தில் கெட்டி பிளாஸ்டிக் பலகையில் புதுத் தகடு கடைந்து வாங்குங்கள். கண் பருப்பின் நீளத்தைவிட ஓரிரு மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். கண்ணின் விளிம்பை அரத்தால் மழுங்கத் தேயுங்கள். கண்ணில் கிரீஸ் வேண்டாம், பருப்பின் தோல் ஒட்டிக்கொள்ளும்.

தோல் உரிந்த பருப்பும் கிட்டத்தட்ட உடைந்த பருப்பு மாதிரிதான், முளைப்பு குறைந்துவிடும். அதனால் வயலில் இறக்குவதற்கு முன் சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் படுதா விரித்து, கையால் 20 சுற்று சுற்றுங்கள். வரிசைக்கு 256 பருப்பு விழ வேண்டும். விழுந்ததை எண்ணுங்கள், உரிந்ததைத் தனியே பொறுக்குங்கள். பொடியும் பெருசும் கலந்த விதையில் எந்தத் தகடும் சரியாக வேலை செய்யாது, சல்லடையில் பிரித்துப் போடுங்கள். நோய் தடுக்கும் பூஞ்சையான டிரைக்கோடெர்மா கிலோவுக்கு 4 கிராம் கலந்து, ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரமும் கலந்தால் நிழலில் நன்றாக உலர்த்திவிட்டுப் பெட்டியில் கொட்டுங்கள். ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு போதும்.

வயலில் முதல் கியரில், ஆள் நடக்கும் வேகத்துக்கும் குறைவாக ஓட்டுங்கள். தகடு இப்போது முன்னைவிட வேகமாகச் சுற்றும். வண்டியும் வேகமாகப் போனால் கண் நிரம்பாது. இரண்டு வரிசையின் விதைப்பெட்டிகளையும் சட்டத்தில் இறுக்கமாகப் போல்ட் போட்டுவிடாமல், தனித்தனியே ஏறி இறங்கும்படி கீல் வைத்து மாட்டுங்கள். அப்போதுதான் மேடு பள்ளத்திலும் பருப்பு 4 முதல் 5 செ.மீ. ஆழத்தில் விழும். தரைச்சக்கரம் வழுக்கினால் கணக்கெல்லாம் வீண். புழுதியாக உழுத செம்மண்ணில் வழுக்கும், சக்கர விளிம்பில் சின்னப் பட்டைகள் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயிண்ட் விஷயத்தில் என் கருத்து கண்டிப்பானது: அடிக்காதீர்கள். வார்ப்பில் பதிந்த எண்களும் பழைய நிறமும்தான் அந்தக் கருவிக்கு அடையாளம். துருவைப் பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்து எண்ணெய் பூசினால் போதும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், உலர்வாகத் தேய்த்துத் தூளைச் சுவாசிக்க வேண்டாம். வார்ப்பிரும்பில் விரிசல் இருந்தால் சாதாரண ராடு வைத்து வெல்டிங் செய்ய விடாதீர்கள், பக்கத்திலேயே மறுபடி விரியும். நிக்கல் ராடு வைத்து, முன்கூட்டியே சூடாக்கிச் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

தகடு தயாரானதும், விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு விதையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்குத் தரும் விதைப்பான் ஒன்றையும் பார்த்துவிடுங்கள். சாய்வுத் தகடு உள்ளது கிடைத்தால் கவனியுங்கள். அதில் கூடுதல் பருப்பு தானாகவே சரிந்து விழுந்துவிடும், வழிக்கும் நாக்கு தேவையில்லை. மல்லாட்டைக்கு அது மென்மையான அமைப்பு. 2 ஏக்கரையும் விதைக்க அவசரம் இருந்தால் இந்தப் பட்டத்துக்கு அதையே வாடகைக்கு எடுங்கள். உங்கள் விதைப்பானை 5 சென்ட்டில் ஓட்டிப் பழகுங்கள்.

பிளானட் ஜூனியர் கிடைத்தது உண்மையிலேயே பெரிய யோகம். பிலடெல்பியாவில் சாமுவேல் லீட்ஸ் ஆலனின் நிறுவனம் செய்த கருவி அது. அதில் பருப்பை ஒவ்வொன்றாகப் பிடிக்கும் கண் கிடையாது. பெட்டியின் அடியில் பல அளவுத் துளைகள் உள்ள வட்டத் தகடு இருக்கும். உள்ளே ஒரு கிளறி சுற்றிக்கொண்டே இருக்க, வேண்டிய துளை வழியாக விதை தொடர்ச்சியாக வழியும். மல்லாட்டையை அதில் போடாதீர்கள். முள்ளங்கி, கீரை, வெண்டைக்கு அருமையாக விதைக்கும். சின்னத் துளையில் தொடங்கி, காகிதத்தின் மேல் தள்ளிப் பார்த்து, விழும் அடர்த்தியைக் கண்டு துளையை மாற்றுங்கள்.