ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐயில் பழைய எல்இடி ஹெட்லைட் மாட்டலாமா?

உங்கள் மாருதி ஸ்விஃப்ட் காரின் ஹெட்லைட் உடைந்துவிட்டது, பழைய பாகக் கடையில் பார்த்த எல்இடி லைட்டை மாட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாட்டலாம், ஆனால் மாட்டியதும் அப்படியே எரியாது. உங்கள் 2019 விஎக்ஸ்ஐ மாடலில் இருப்பது ஹாலோஜன் பல்பு லைட். நீங்கள் சென்னை புதுப்பேட்டையில் பார்த்தது, ஸ்விஃப்ட்டின் உயர் மாடலான இசட்எக்ஸ்ஐ பிளஸ்ஸில் வரும் எல்இடி புரொஜெக்டர் (லென்ஸ் வைத்த லைட்). வெளி உருவம் ஒன்றுபோல இருப்பதால்தான் கடைக்காரர் "அப்படியே பொருந்தும்" என்றிருப்பார். வயரிங் வேறு.

உடைந்த லைட்டையே கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். பின்புற ஸ்டிக்கரில் உள்ள பார்ட் எண், வயர் கனெக்டரில் உள்ள பின்களின் (pin) எண்ணிக்கை, போல்ட் மாட்டும் காதுகள் மூன்றையும் வாங்கப்போகும் லைட்டின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். காது ஒட்டவைத்ததாக இருந்தால் வேண்டவே வேண்டாம், ஓட்டும்போது வெளிச்சம் ஆடும். அப்புறம், 12 வோல்ட் பேட்டரியில் எரியவைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

வெளிநாட்டு வண்டியில் கழற்றியது என்றால் லைட்டின் முன்கண்ணாடியில் அம்புக்குறியைத் தேடுங்கள். ஐரோப்பியத் தர அங்கீகாரமான 'ஈ' (E) முத்திரை இருந்து அம்பு இல்லையென்றால் அது சாலையின் வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கானது. நம் சாலையில் எதிரே வருபவர் கண்ணைக் கூசும்.

வயரை வெட்டி ஒட்டித் தருகிறேன் என்றால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். மழையில் ஷார்ட் ஆகும் இடமே அந்த ஒட்டுதான். ஹாலோஜன் செட்டே தேடி வாங்குங்கள், மாட்டியதும் லோ பீம் (தாழ்ந்த வெளிச்சம்) சுவரில் விழும் உயரத்தைச் சரிபாருங்கள்.