வாசகர் கேள்வி – பதில்: வழியில் நின்றுவிடும் கார்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வருத்தத்தைத்தான் சொல்கின்றன: பாகத்தை மாற்றியாயிற்று, பணமும் செலவாயிற்று, கோளாறு மட்டும் அப்படியே இருக்கிறது. அவற்றில் ஐந்து கடிதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் இரண்டுக்கும் விரிவாகவே பதில் எழுதுகிறேன், ஏனென்றால் உரிமையாளர்களின் பணம் வீணாவது பெரும்பாலும் அவற்றில் சொல்லப்பட்டிருக்கும் கோளாறுகளில்தான்.

கேள்வி: என் பெட்ரோல் கார் நாற்பது நிமிடம் ஓடியதும் எந்த அறிகுறியும் இல்லாமல் அணைந்துவிடுகிறது. செல்ஃப் நன்றாகவே அடிக்கிறது. ஆனால் எஞ்சின் பற்றிக்கொள்வதில்லை. அரை மணி நேரம் ஓரமாக நிறுத்திவைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. பணிமனையில் ஒருமுறைகூட நின்றதில்லை. ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், பெட்ரோல் பம்ப் மூன்றும் மாற்றியாயிற்று. இனி என்ன செய்வது?

இனி எதையும் மாற்றாதீர்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். நீங்கள் சாலையோரத்தில் காத்திருக்கும் அந்த அரை மணி நேரத்தில்தான் கோளாறு தன்னைக் காட்டிக்கொள்கிறது. ஆறிய நிலையில் பணிமனைக்குப் போய்ச் சேரும் காரில் மெக்கானிக் பார்ப்பதற்கு எதுவும் மிச்சமிருப்பதில்லை. ஆகவே அவர் அனுபவத்தை வைத்து ஊகிக்கிறார், ஊகத்துக்கு ஒரு பாகம் என்று மாறிக்கொண்டே போகிறது.

அடுத்த முறை நின்றதும், வண்டி பாதுகாப்பான இடத்தில் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகு, மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். சாவியை எஞ்சின் சுற்றாத 'ஆன்' நிலையில் வைத்தால், பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பின்பக்கமிருந்து இரண்டு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது பெட்ரோல் பம்பின் ஒலி. அந்த ஒலி அப்போது இருக்கிறதா, இல்லையா? அடுத்ததாக, செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் வேகத்தைக் காட்டும் முள் சிறிதாவது எழுகிறதா, அல்லது பூஜ்யத்திலேயே கிடக்கிறதா? மூன்றாவதாக, சாவியை 'ஆன்' செய்தவுடன் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு வழக்கம்போல் எரிகிறதா? இந்த மூன்றையும் அலைபேசியில் காணொளியாக எடுத்துவிடுங்கள்.

செல்ஃப் அடிக்கும்போது முள் அசையவே இல்லை என்றால், பல கார்களில் சந்தேகம் நேராக, எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க்‌ஷாஃப்ட் நிலையைச் சொல்லும் சென்சாரின்மீது போகும். எஞ்சின் சுற்றுகிறது என்பதையும் எந்தக் கணத்தில் தீப்பொறி வேண்டும் என்பதையும் எஞ்சினை இயக்கும் கணினிக்குச் சொல்வது இந்தச் சிறிய பாகம்தான். இதன் பழைய வகையில் உள்ளே மயிரிழை போன்ற கம்பிச்சுருள் இருக்கும். அந்தக் கம்பி எங்காவது விரிசல் கண்டிருந்தால், குளிர்ந்த நிலையில் முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும். சூட்டில் விரியும்போது விலகிவிடும். தகவல் நின்ற அதே கணத்தில் கணினி தீப்பொறியையும் பெட்ரோலையும் நிறுத்திவிடுகிறது. ஆறினால் முனைகள் மறுபடி சேர்ந்துகொள்கின்றன. உங்கள் நாற்பது நிமிடமும் அரை மணி நேரமும் இந்தப் படத்துக்கு மிகவும் பொருந்துகின்றன. இதைப் பணிமனையில் நிரூபிக்கவும் வழி இருக்கிறது: தலைமுடி உலர்த்தும் கருவியால் அந்தச் சென்சாரைச் சூடாக்கி, எஞ்சின் அணைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

முள் எழுகிறது, பம்பின் ஒலி மட்டும் இல்லை என்றால், பம்புக்கு மின்சாரம் அனுப்பும் ரிலே என்ற தானியங்கிச் சுவிட்சைப் பார்க்க வேண்டும். புதிய பம்பைப் போட்டும் கோளாறு தொடர்கிறது என்பதால் இதை ஒதுக்கிவிட முடியாது. ரிலேயின் உள்ளே கம்பிகளை இணைக்கும் ஈயப் பற்று விரிசல் கண்டிருந்தால் அதுவும் சூட்டில்தான் தொடர்பை விடும். எஞ்சின் எச்சரிக்கை விளக்கே எரியாவிட்டால், கணினிக்கே மின்சாரம் போகவில்லை என்று பொருள். அப்போது தேட வேண்டியது ஃபியூஸ், முதன்மை ரிலே, எர்த் இணைப்பு ஆகியவற்றை.

என் சொந்தக் காரில் இதே போன்ற தொல்லை ஒன்றரை ஆண்டு நீடித்தது. மூன்று பாகங்கள் மாறின. கடைசியில் ஒரு முதிய எலெக்ட்ரீஷியன் எந்தக் கருவியும் எடுக்காமல், எஞ்சினை ஓடவிட்டு, வொயர் கற்றைகளை ஒவ்வொன்றாக விரலால் மெல்ல வளைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். ஓர் இரும்புத் தாங்கியின் ஓரத்தில் கற்றை உரசிக்கொண்டிருந்த இடத்தைத் தொட்டதும் எஞ்சின் அணைந்தது. மேலுறை நகக்கண் அளவுக்குத்தான் தேய்ந்திருந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. நன்றாக இருந்த மூன்று பாகங்களைக் கழற்றி எறிந்திருக்கிறோம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. சோதனை முதலில், பாகம் பிறகு என்று ஒவ்வொரு இதழிலும் நான் வற்புறுத்துவது அதனால்தான்.

கேள்வி: மூன்று நாள் காரை எடுக்காமல் வைத்திருந்தால் பேட்டரி இறங்கிவிடுகிறது. ஓராண்டில் இரண்டு புதிய பேட்டரிகள் போட்டுவிட்டேன். ஓடும்போது பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டர் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள். பேட்டரி நிறுவனத்தின் மீது புகார் செய்யலாமா?

புகார் எழுதுவதற்கு முன் ஒரு சிறிய கணக்கைப் பார்ப்போம். அணைத்துப் பூட்டிய பிறகும் கடிகாரம், பூட்டு, திருட்டுத் தடுப்பு ஆகியவற்றுக்காகக் கார் சிறிதளவு மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். பொதுவாக 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் அது இயல்பு. அந்த அளவில் ஒரு நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி செலவாகும். 45 ஆம்பியர்-மணி பேட்டரி சில வாரங்கள் தாங்கும். அதுவே 500 மில்லிஆம்பியராக இருந்தால் ஒரு நாளுக்கு 12, மூன்று நாளில் 36. மூன்று நாளில் இறங்கும் பேட்டரி என்றால் ஏறத்தாழ இந்த அளவுக்கு எங்கோ கசிகிறது என்று கொள்ளலாம். புதிய பேட்டரியும் அதே ஓட்டையின் வழியாகத்தான் வடியும். அடிக்கடி முழுதாக இறங்கி ஏறும் பேட்டரியின் உள்தகடுகளில் சல்ஃபேட் படிந்து அதன் ஆயுளும் குறைந்துவிடும் என்பதால், இரண்டாவது பேட்டரி சீக்கிரம் போனதில் வியப்பில்லை.

கசிவைக் கண்டுபிடிக்க, மின் அளவுகளைக் காட்டும் ஒரு மல்டிமீட்டர் போதும். எல்லாக் கதவுகளையும் மூடி, காரைப் பூட்டி, உள்ளிருக்கும் கணினிகள் உறங்குவதற்கு முக்கால் மணி நேரமாவது விடுங்கள். இந்தக் காத்திருப்பைத் தவிர்த்துவிட்டு அளப்பவர்கள்தான் தவறான முடிவுக்கு வருகிறார்கள். அதன் பிறகு ஃபியூஸ் பெட்டியில், எந்த ஃபியூஸையும் பிடுங்காமல், ஒவ்வொன்றின் தலையிலும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கிடையே மில்லிவோல்ட் அளவில் பார்த்துக்கொண்டே வாருங்கள். மின்சாரம் ஓடும் ஃபியூஸ் மட்டும் சிறிய எண் ஒன்றைக் காட்டும். மற்றவை பூஜ்யமாக இருக்கும். பிடுங்கிப் பார்த்தால் உறங்கிய கணினிகள் மறுபடி விழித்துக்கொண்டு கணக்கைக் குழப்பிவிடும். குற்றவாளி பெரும்பாலும் கார் வாங்கிய பிறகு பொருத்திய பாட்டுக் கருவி, கேமரா, அலாரம் ஆகியவற்றில் ஒன்றாகவோ, மூடிய பிறகும் உள்ளே எரியும் பொருள் பெட்டி விளக்காகவோ இருக்கும். எந்த ஃபியூஸிலும் எதுவும் தெரியாவிட்டால் ஆல்டர்னேட்டரில், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விட வேண்டிய டையோடைச் சந்தேகியுங்கள். ஓடும்போது 14 வோல்ட் சரியாகக் காட்டும் ஆல்டர்னேட்டர்கூட, நின்றிருக்கும்போது பழுதான டையோடு வழியாகப் பேட்டரியை வடிக்க முடியும். 'ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது' என்று உங்களிடம் சொன்னவர் இந்த இரண்டாவது சோதனையையும் செய்தாரா என்று கேளுங்கள்.

நல்ல பேட்டரி, ஓடி நின்ற சில மணி நேரம் கழித்து, ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. இந்த எண்ணைப் பூட்டிச் சில மணி நேரம் கழித்து ஒருமுறையும் மறுநாள் காலை ஒருமுறையும் குறித்துவையுங்கள். கசிவே இல்லை என்று தெரிந்த பிறகும் பேட்டரி தாங்கவில்லை என்றால், அப்போது அந்தக் குறிப்புகளோடு நிறுவனத்திடம் புகார் செய்யுங்கள். மறுக்க முடியாத புகாராக இருக்கும்.

கேள்வி: நெரிசலில் நிற்கும்போது வெப்பநிலை முள் மேலே ஏறுகிறது, வேகமாகப் போனால் இறங்கிவிடுகிறது. சிவப்பைத் தொட்டால் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றலாமா?

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது. குளிர்விப்பு அமைப்பு வெளிக்காற்றைவிட ஏறத்தாழ ஒரு பார் (அழுத்தத்தின் அளவு) கூடுதல் அழுத்தத்தில் இயங்குகிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி செல்சியஸ் அளவில்தான் கொதிக்கும். மூடியைத் திறந்தவுடன் அழுத்தம் விழுந்து, உள்ளிருப்பதெல்லாம் அந்தக் கணமே கொதித்து உங்கள் முகத்தை நோக்கிப் பீறிடும். இப்படி வெந்துபோன கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

முள் ஏறத் தொடங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டிலும் முழு வேகத்திலும் வையுங்கள். எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு கார் உள்ளே வந்து குறையும். சிவப்பைத் தொட்டால் ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். இன்னும் சற்றுத் தூரம்தானே என்று ஓட்டினால் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் காஸ்கெட் போய், சிறிய பழுது எஞ்சினையே பிரிக்கும் வேலையாகிவிடும். தொட்டுப் பார்க்கும் அளவுக்கு ஆறிய பிறகு கூலண்ட் அளவைப் பாருங்கள். மின்விசிறி எஞ்சின் அணைந்த பிறகும் திடீரென்று சுற்றலாம், கையை விலக்கியே வைத்திருங்கள்.

நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்குகிறது என்ற உங்கள் குறிப்பே பாதிப் பதில். ஓடும்போது காற்று தானாக ரேடியேட்டருக்குள் போகிறது. நிற்கும்போது அந்த வேலையை மின்விசிறிதான் செய்ய வேண்டும். விசிறியின் மோட்டார், ரிலே, ஃபியூஸ், அதை இயக்கும் சென்சார் இவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கு மாறாக வேகமாகப் போகும்போது முள் ஏறினால், அடைத்த ரேடியேட்டர், தண்ணீர் பம்ப், தெர்மோஸ்டாட் என்று வேறு வழியில் தேட வேண்டியிருக்கும்.

கேள்வி: எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. கணினியில் பதிவான குறியீட்டைப் படித்து, புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றி விளக்கை அணைத்தார்கள். இரண்டு வாரத்தில் மறுபடி எரிகிறது. ஏன்?

குறியீடு கணினி கண்ட அறிகுறியைத்தான் சொல்லும். எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லாது. 'பி 0171' என்பது எஞ்சினுக்குப் போகும் கலவையில் பெட்ரோலின் அளவுக்குத் தேவையானதை விடக் காற்று அதிகம் என்பதற்கான குறியீடு. வெடித்த ரப்பர் குழாய், அழுக்கேறிய காற்று அளவி, வலுவிழந்த பெட்ரோல் பம்ப் ஆகிய எதுவும் அதற்குக் காரணமாகலாம். ஆக்சிஜன் சென்சார் உண்மையைச் சொன்ன தூதுவனாகவும் இருந்திருக்கலாம். குறியீட்டோடு, அது பதிவான கணத்தில் எஞ்சின் வேகம், வெப்பநிலை, சுமை என்ன என்பதையும் கணினி சேமித்துவைக்கிறது. விளக்கை அணைக்கும்போது அந்தச் சான்றும் அழிந்துவிடும். ஆகவே அழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

விளக்கு சீராக எரிந்தால் சில நாட்களுக்குள் பணிமனையில் காட்டலாம். விட்டுவிட்டு மின்னினால், சிலிண்டரில் எரியாத பெட்ரோல் வெளியேறிப் புகைபோக்கியில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டெரிக்கிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து, முடிந்த அளவு சீக்கிரம் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: பத்து ஆண்டு ஓடிய கார். அடிக்கடி ஏதாவது செலவு. விற்றுவிட்டு, நம்பகமானது என்று பட்டியல்களில் முதலிடம் பெறும் காரை வாங்கலாமா?

பட்டியலைப் படிக்கும் முன் அது எதை எண்ணுகிறது என்று பாருங்கள். ஜே.டி. பவர் வெளியிடும் நம்பகத்தன்மை ஆய்வு, மூன்று ஆண்டு ஓடிய கார்களில் 100 கார்களுக்கு எத்தனை குறைகள் என்று உரிமையாளர்களைக் கேட்டு எண்ணுகிறது. அலைபேசி திரையோடு இணையவில்லை என்பதும் அதில் ஒரு குறைதான், கியர்பாக்ஸ் போனதும் ஒரு குறைதான். உங்களுக்கு வேண்டியது, வழியில் நிற்காத கார். ஆகவே மொத்த எண்ணை விட்டுவிட்டு, எஞ்சின், கியர்பாக்ஸ் பற்றிய பகுதியை மட்டும் பாருங்கள். மூன்று ஆண்டுக் கணக்கு, எட்டாம் ஆண்டில் அந்தக் கார் எப்படி இருக்கும் என்பதைக் காட்டாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

உங்கள் காரைப் பற்றி: கடந்த இரண்டு ஆண்டுச் செலவு ரசீதுகளை மேசையில் பரப்பி, தேய்மானச் செலவு ஒரு பக்கம், கோளாறுச் செலவு மறுபக்கம் என்று இரண்டாகப் பிரியுங்கள். டயர், பிரேக், பேட்டரி, ரப்பர் குழாய்கள், சஸ்பென்ஷன் புஷ்கள் ஆகியவை எந்தக் காரிலும் தேயக்கூடியவை. புதிதாக மாற்றியிருந்தால் அந்தப் பலனை அனுபவிக்கப்போவது நீங்களா, உங்களிடம் வாங்குபவரா என்பதுதான் கேள்வி. அதே கோளாறு மூன்று முறை வந்திருந்தால், அது காரின் வயதால் வந்ததல்ல, இன்னும் கண்டுபிடிக்கப்படாத ஒரு காரணத்தால் வந்தது. எஞ்சின் எண்ணெயைக் குடிப்பது, சிலிண்டர்களின் அழுத்தம் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுவது, கியர் வழுக்குவது, அடிச்சட்டத்தில் துரு ஏறியிருப்பது இவற்றில் ஒன்று இருந்தால் விற்பதை யோசியுங்கள். எதுவும் இல்லையென்றால் நான் வைத்துக்கொள்ளவே சொல்வேன்.

ஒன்றை மட்டும் இந்த வாரமே பாருங்கள். உங்கள் எஞ்சினில் வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்து இயங்க வைப்பது டைமிங் செயினா, பெல்ட்டா? பெல்ட் என்றால் அதை மாற்றும் காலம் கையேட்டில் கிலோமீட்டரிலும் ஆண்டுகளிலும் கொடுக்கப்பட்டிருக்கும். இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுதான் கணக்கு. குறைவாக ஓடிய காரிலும் ரப்பர் முதிர்ந்துவிடும். பல எஞ்சின்களில் அந்தப் பெல்ட் அறுந்தால் பிஸ்டன்கள் திறந்திருக்கும் வால்வுகளில் போய் மோதும். பத்து ஆண்டில் அது மாற்றப்பட்டதற்கான ரசீது உங்கள் மேசையில் இல்லை என்றால், மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொண்டு, அடுத்த நீண்ட பயணத்துக்கு முன் அதை மாற்றிவிடுங்கள்.